தேன்மொழிக்கு, ஜிம்மி ஸ்பியர்ஸைப் பற்றி

அன்புள்ள தேன்மொழி,

வாட்ஸ்அப்பில் நீ எழுதியிருந்ததைப் படித்தேன். அங்கேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் சின்னத் திரையில் எழுத்து எழுத்தாகக் குத்த எனக்குப் பொறுமை கிடையாது. பேனா எடுத்தால் நான் சீக்கிரம் நிறுத்த மாட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். ஹாஸ்டல் விலாசத்துக்கே அனுப்புகிறேன். செமிஃபைனலுக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நல்லது. பின்னால் வந்தாலும் பாதகமில்லை.

கல்லூரி அணிக்கு உன்னைக் கேப்டன் ஆக்கியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. உன் குழப்பம்தான் எனக்குப் பிடித்தது. ஆளைத் தேர்வு செய்வது கோச், ஆட்டத் திட்டம் போடுவது கோச், மாற்று ஆட்டக்காரரை அனுப்புவதும் அவரே, "டாஸ் போடுறது மட்டும்தான் என் வேலையா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். மேட்சுக்கு முன்னால் எல்லாரும் தோள்மேல் கைபோட்டு வட்டமாக நிற்கிறபோது என்ன பேசுவது என்று தெரியாமல், யூட்யூபில் பெரிய கேப்டன்கள் பேசுவதைப் பார்த்து மனப்பாடம் செய்வதாகவும் எழுதியிருக்கிறாய். உனக்கு ஒரு வருஷம் மூத்த சென்டர்-பேக் தனக்குத்தான் கேப்டன் பட்டை கிடைக்கும் என்று நம்பியிருந்தாள், இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போதாக்குறைக்கு ஒரு அரசுத் துறை அணியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருகிறேன் என்கிறார்கள். போனால் துரோகம் என்று தோழிகள் சொல்கிறார்கள்.

இதற்கெல்லாம் மெஸ்ஸியையோ சுனில் சேத்ரியையோ உதாரணம் காட்டினால் நீ உடனே தலையாட்டுவாய். அவர்களைப் பற்றி உனக்கு என்னைவிட அதிகம் தெரியும். நான் சொல்லப்போகும் ஆளை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். பெயர் ஜிம்மி ஸ்பியர்ஸ். ஸ்காட்லாந்துக்காரர். 1911இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற பிராட்ஃபோர்ட் சிட்டி அணியின் கேப்டன்.

பிறந்தது 1886 மார்ச் 22, கிளாஸ்கோவின் கோவன் பகுதியில். கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் ஊர் அது. சுத்தியல் சத்தம் கேட்காத தெரு கிடையாது. ரேஞ்சர்ஸ் கிளப்பின் ஐப்ராக்ஸ் மைதானம் அங்கேயே இருக்கிறது. உள்ளூர்ச் சின்ன அணிகளில் ஆடிய பையன் 1905இல் ரேஞ்சர்ஸுக்கே ஆடப் போனான் என்றால், வீட்டு வாசலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கனவு பலித்தது என்று அர்த்தம். மூன்று வருஷம் அங்கே. 1908 மார்ச்சில் டண்டீயில் வேல்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்து நாட்டுச் சட்டையை ஒரு தடவை போட்டார். அந்த ஒரு தடவையோடு சரி. அணி ஜெயித்தும் மறுபடி அழைப்பு வரவில்லை. அந்த ஆண்டே கிளைட் கிளப்புக்கு மாறினார். அந்த சீசனில் கிளைட் லீகில் மூன்றாம் இடம், ஸ்காட்டிஷ் கோப்பையில் செமிஃபைனல். செல்டிக்கிடம் ரீப்ளேயில் தோற்றார்கள். 1909இல் எல்லை தாண்டி யார்க்ஷயர்.

பிராட்ஃபோர்ட் கம்பளி ஆலைகளின் ஊர். உலகத்தின் கம்பளித் துணி வியாபாரத்தில் பெரிய பங்கு அங்கே நடந்துகொண்டிருந்தது. மானிங்ஹாம் ஆலையில் 1890-91 குளிர்காலத்தில் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் இங்கிலாந்தின் தொழிலாளர் அரசியலுக்கே ஒரு திருப்பம். அந்த மானிங்ஹாம் வட்டாரத்து ரக்பி கிளப்தான் 1903இல் ரக்பியை விட்டுவிட்டுக் கால்பந்து கிளப்பாக மாறி, பிராட்ஃபோர்ட் சிட்டி என்று பெயர் வைத்துக்கொண்டது. ஒரு மேட்ச்கூட ஆடாத நிலையிலேயே இரண்டாம் டிவிஷனில் இடம் கொடுத்தார்கள்; ரக்பி கோலோச்சிய அந்த மேற்கு யார்க்ஷயரில் கால்பந்தை எப்படியாவது ஊன்ற வேண்டும் என்று லீக் நிர்வாகத்துக்கு அவ்வளவு ஆசை. 1908இல் முதல் டிவிஷன். ஸ்பியர்ஸ் வந்து சேரும்போது கிளப்புக்கு வயது ஆறு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்துக் கேப்டனுக்கு என்ன வேலை இருந்தது என்று பார். அணியைத் தேர்ந்தெடுப்பதில் கிளப் இயக்குநர்களுடைய கையும் செயலாளர்-மேனேஜர் கையும் ஓங்கியிருக்கும். அதாவது உன் நிலைமைதான். ஆனால் விசில் ஊதிவிட்டால் வெளியே இருக்கிறவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. மாற்று ஆட்டக்காரர் என்ற விதியே இல்லை. இங்கிலாந்து லீகில் அது வந்தது 1965இல். ஒருவனுக்குக் கால் முறிந்தால் மீதிப் பத்துப் பேர் ஆட வேண்டும், அல்லது நொண்டிக்கொண்டே அவன் ஓரத்தில் நிற்க வேண்டும். கோட்டுக்கு வெளியே நின்று கத்தி வழிநடத்தும் கோச் கிடையாது. கோல்கீப்பர் தன் பாதி மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் பந்தைக் கையால் தொடலாம் என்று வேறு இருந்தது. 1912இல்தான் அதைப் பெனால்டி பகுதிக்குள் அடக்கினார்கள். ஆட்டம் ஒரு பக்கம் சாயும்போது யாரைப் பின்னுக்கு இழுப்பது, யாரை முன்னே தள்ளுவது என்பதை உள்ளே இருக்கிற ஒருவன் பார்த்துச் செய்ய வேண்டும். கையில் பட்டை கட்டும் வழக்கம் அப்போது இல்லை. யார் கேப்டன் என்று தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது.

ஸ்பியர்ஸ் ஆடிய இடம் இன்சைட் ரைட். நீங்கள் இப்போது அப்படிச் சொல்வதில்லை. அன்று இரண்டு பேக், மூன்று ஹாஃப்-பேக், ஐந்து ஃபார்வர்டு. அந்த ஐவரில் விங்கில் இருக்கிறவனுக்கும் சென்டர்-ஃபார்வர்டுக்கும் நடுவில் நிற்பவன் இன்சைட். கோலும் அடிக்க வேண்டும், பின்னால் இறங்கிப் போய் ஹாஃப்-பேக்கிடமிருந்து பந்தை வாங்கிவரவும் வேண்டும். முன்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையில் ஓயாமல் போய்வரும் வேலை. கேப்டனுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்று நான் நினைக்கிறேன். அவன் குரல் இரண்டு பக்கமும் எட்டும். அவனுக்கு மூச்சு வாங்குவதை இரண்டு பக்கமும் பார்க்கலாம்.

நீயும் மிட்ஃபீல்டர். ஆகவே யூட்யூப் வேண்டாம். ஸ்பியர்ஸைப் பற்றிப் படித்ததில் அவர் சொன்ன சொல் எதுவும் என் மனதில் தங்கவில்லை. அவர் இருந்த இடங்கள் தங்கியிருக்கின்றன. வட்டமாக நிற்கும்போது உன் கோல்கீப்பரிடம் "முதல் கார்னரில் நான் கிட்ட வந்து நிற்கிறேன்" என்று சொன்னால் போதும். அதைச் சொல்லிவிட்டு நிஜமாகவே போய் நில்.

1911 கோப்பைக்குப் போன பாதையைச் சொல்கிறேன். முதலில் நியூ பிராம்ப்டனை 1-0, அடுத்து நார்விச்சை 2-1, பிறகு கிரிம்ஸ்பியை 1-0, பர்ன்லியை 1-0. செமிஃபைனலில் மட்டும் பிளாக்பர்னை 3-0 என்று விரட்டினார்கள். மற்றதெல்லாம் ஒரு கோல் வித்தியாசம். எந்த நிமிடமும் கைநழுவிப் போயிருக்கக்கூடிய வெற்றிகள். இப்படிப்பட்ட மேட்சுகளில் எண்பதாவது நிமிடத்தில் பதினொரு பேரும் பதறாமல் இருப்பது பெரிய காரியம்; அது தானாக நடக்காது.

ஃபைனலில் எதிரே நியூகாசில். 1905, 1907, 1909 என்று மூன்று முறை லீக் சாம்பியன், முந்தைய வருஷக் கோப்பையும் அவர்களுடையது. அன்றைக்கு அதைவிடப் பெரிய அணி இல்லை. ஏப்ரல் 22, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் எழுபதாயிரத்தை நெருங்கிய கூட்டத்தின் முன்னால் 0-0. சலிப்பான மேட்ச் என்று எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். நான்கு நாள் கழித்து, கட்டி ஒரு வருஷமே ஆகியிருந்த மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டில் ரீப்ளே.

அந்த நான்கு நாளில் நடந்த ஒரு விஷயம்தான் உனக்கு வேண்டியது. பிராட்ஃபோர்ட் அணியில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். சென்டர்-ஹாஃப் வில்லி கில்டியாவை எடுத்துவிட்டு ராபர்ட் டோரன்ஸைப் போட்டார்கள். இருவருமே ஸ்காட்லாந்துக்காரர்கள். அந்த அணியில் பதினொருவரில் எட்டுப் பேர் ஸ்காட்லாந்து ஆட்கள், ஒரே உடுப்பு மாற்றும் அறை, ஒரே மாதிரிப் பேச்சு, ஒரே மாதிரிக் கேலி. தோற்காத ஒரு ஃபைனலை ஆடி முடித்தவனுக்கு மறு ஆட்டத்தில் இடமில்லை. அதை அவனிடம் சொன்ன பிறகும் அந்த அறையில் எல்லாரும் சேர்ந்து இருக்க வேண்டும். டோரன்ஸ் ரீப்ளேயில் பிரமாதமாக ஆடினார் என்பது வரலாறு. கில்டியாவின் பெயர் புத்தகங்களில் அடைப்புக்குறிக்குள் போய்விட்டது.

உன் சென்டர்-பேக் அக்காவை நினைத்துத்தான் இதைச் சொன்னேன். அவள் கோபத்துக்கு நீ காரணம் இல்லை, ஆனால் அந்த அறைக்குள் அவளோடு இருக்கப்போவது நீதான். அவளைச் சமாதானப்படுத்தப் போகாதே, அது பாவனையாகத் தெரியும். அவளுக்கு ஒரு வேலை கொடு. ஆஃப்சைடு வரிசையை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதை அவள் குரலில் விட்டுவிடு. பயிற்சியில் எல்லார் முன்னிலையிலும், "பின்னாடி அக்கா சொல்றதுதான்" என்று சொல். பிறகு மேட்சில் அவள் ஒரு தடவை தப்பாகச் சொல்லி கோல் விழுந்தாலும் அந்த வேலையைத் திருப்பி வாங்காதே. முக்கியமாக அந்த மேட்சில் வாங்காதே.

ரீப்ளேயைத் தீர்மானித்த கோலைச் சொல்லவில்லையே! பதினைந்தாவது நிமிடம். பிராட்ஃபோர்ட் தூக்கி அனுப்பிய பந்தை ஸ்பியர்ஸ் தலையால் கோல் பக்கம் தள்ளினார். சென்டர்-ஃபார்வர்டு ஃபிராங்க் ஓரூர்க் கோல்கீப்பர் ஜிம்மி லாரன்ஸின் பார்வைக்குக் குறுக்கே புகுந்தார். பந்து உருண்டு உள்ளே போய்விட்டது. சுவரில் படம் மாட்டுகிற மாதிரி கோல் இல்லை அது. இன்றைக்கு அடித்திருந்தால் ரீல்ஸில் பத்து லைக்கூடத் தேறாது. ஆனால் கேப்டன் பெனால்டி பகுதிக்குள் இருந்தார், ஓரூர்க் கீப்பர் முன்னால் இருந்தார். இரண்டு பேரும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததால் விழுந்த கோல். மீதி எழுபத்தைந்து நிமிடம் நியூகாசில் முட்டி மோதிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. 58 ஆயிரம் பேர் முன்னிலையில் ஸ்பியர்ஸ் கோப்பையை வாங்கினார்.

கோப்பையைப் பற்றி ஒரு சின்னக் கதை, எனக்குப் பிடித்தது என்பதால் சொல்கிறேன். முதல் எஃப்.ஏ. கோப்பை 1895இல் பர்மிங்ஹாமில் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்திருந்தபோது களவு போனது. அதே அச்சில் இரண்டாவது செய்தார்கள். 1909இல் ஜெயித்த மான்செஸ்டர் யுனைடெட் அதைப் பார்த்து ஒரு நகல் செய்துகொண்டது. வடிவமைப்பின் உரிமை தங்களிடம் இல்லை என்பது அப்போதுதான் எஃப்.ஏ. என்ற கால்பந்துச் சங்கத்துக்கு உறைத்தது. ஆகவே மூன்றாவதாகப் புதுக் கோப்பை. பல நிறுவனங்கள் மாதிரி அனுப்பின. தேர்வானது பிராட்ஃபோர்டில் இருந்த ஃபட்டோரினி நகைக்கடையின் மாதிரி. அந்தப் புதுக் கோப்பையை முதல் வருஷமே வென்றது அதே ஊர். தொலைக்காட்சியில் ஃபைனல் பார்க்கும்போது கேப்டன்கள் தூக்குகிறார்களே, இன்றும் அந்த வடிவம்தான். அதை முதன்முதலில் தூக்கியவர் நம் ஆள். பிராட்ஃபோர்ட் அதற்கு அப்புறம் அப்படி ஒரு பெரிய கோப்பையை வென்றதே இல்லை.

அப்படி ஒரு கேப்டனைக் கிளப் காலமெல்லாம் வைத்துக்கொண்டது என்று நினைப்பாய். 1912 டிசம்பரில் 1,400 பவுண்டுக்குப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் லீட்ஸ் சிட்டிக்கு விற்றுவிட்டார்கள். கோப்பை வென்று இருபது மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்து ஊர், இரண்டாம் டிவிஷன் அணி.

அந்த 1,400 பவுண்டை இப்படிக் கணக்குப் போட்டுப் பார். அன்று இங்கிலாந்தில் ஆட்டக்காரருக்கு உச்சபட்ச வாரச் சம்பளம் என்று ஒரு வரம்பு இருந்தது. 1901இல் நான்கு பவுண்டு; 1910க்குப் பிறகு, நீண்ட நாள் சேவை செய்தவர்களுக்கு ஐந்து பவுண்டு வரை. ஐந்து என்றே வைத்துக்கொண்டாலும் 1,400 என்பது 280 வாரச் சம்பளம். ஐந்து வருஷத்துக்கு மேல் உழைத்தால் கையில் வருகிற பணம் ஒரே கையெழுத்தில் ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்குப் போனது. இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஆட்டக்காரனின் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவனுடைய பதிவைக் கிளப் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். கிளப் விடாவிட்டால் அவன் லீகில் வேறு எங்கும் ஆட முடியாது. சம்பள வரம்பு 1961 வரை நீடித்தது. பதிவுப் பிடியை 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில் நீதிமன்றம்தான் தளர்த்தியது.

இதை எதிர்க்க 1907இல் மான்செஸ்டரில் ஆட்டக்காரர்கள் சங்கம் வைத்தார்கள். பிராட்ஃபோர்டிலும் பிறகு லீட்ஸிலும் ஸ்பியர்ஸோடு ஆடிய எவலின் லின்டாட் அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். பள்ளிக்கூட வாத்தியார், இங்கிலாந்து அணிக்கும் ஆடியவர்.

ஆகவே துரோகம் என்ற பேச்சை விடு. ஸ்பியர்ஸ் ரேஞ்சர்ஸை விட்டார், கிளைடை விட்டார், பிராட்ஃபோர்டை விட்டார். லீட்ஸில் அப்போதுதான் மேனேஜராக வந்திருந்தவர் ஹெர்பர்ட் சாப்மன். பின்னால் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் உச்சிக்குக் கொண்டுபோன அதே மனிதர். அவருக்குக் கீழே ஸ்பியர்ஸ் கோல் அடித்துக்கொண்டே இருந்தார். 1913-14இல் லீட்ஸ் சிட்டி இரண்டாம் டிவிஷனில் நான்காவது இடம் வந்தது. அந்தக் கிளப் எட்டிய உச்சம் அதுதான். பழைய கிளப் அவரை விற்றது என்பதற்காகப் புதுக் கிளப்பில் அவர் அரைமனதாக ஆடவில்லை. புதுக் கிளப்பில் ஆடினார் என்பதற்காகப் பிராட்ஃபோர்ட் ரசிகர்கள் அவரை மறக்கவும் இல்லை. நூறு வருஷம் கழித்தும் அவர் கல்லறையைத் தேடிப் பெல்ஜியம் வரை போய்வருகிறார்கள்.

கல்லறை என்றதும் விஷயம் வேறு பக்கம் திரும்புகிறது. இதை நான் உனக்குப் பாடமாகச் சொல்லப்போவதில்லை. ஆனாலும் மறைத்துவிட்டால் அவருடைய வாழ்க்கை பாதியில் நிற்கும்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியது. லீக் நிற்கவில்லை. நாடே சண்டையிடும்போது இவர்கள் பந்து உதைக்கிறார்களே என்று பத்திரிகைகள் திட்டின. ஸ்காட்லாந்தில் ஹார்ட்ஸ் அணி ஆட்டக்காரர்கள் நவம்பரில் கூட்டமாகப் படையில் சேர்ந்தார்கள். 1915 ஏப்ரலில் நடந்த கோப்பை ஃபைனலுக்குக் காக்கி ஃபைனல் என்றே பெயர். பார்வையாளர் வரிசை முழுக்கச் சிப்பாய்கள். அந்த சீசனோடு லீக் நின்றது, ஆட்டக்காரர்களின் சம்பளமும் நின்றது. மே மாதம் ஸ்பியர்ஸ் கேமரன் ஹைலாண்டர்ஸ் படையில் சேர்ந்தார். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அப்போது வரவில்லை. திருமணமானவர்களுக்கு அது வந்தது அடுத்த வருஷம். அவருக்கு மனைவி, இரண்டு குழந்தைகள். தானாகப் போனார்.

ஏன் போனார் என்பதற்கு எழுதியவர்கள் பலர் பல காரணம் சூட்டுகிறார்கள்: வீரம், தேசபக்தி, கேப்டனின் கடமை. எனக்கு அந்த மொழியே ஒவ்வாது. மைதானத்தையும் போர்க்களத்தையும் ஒரே வாக்கியத்தில் கட்டுகிற பழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. 1916 ஜூலை 1, ஸோம் போரின் முதல் நாள், நெவில் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தன் ஆட்களுக்குக் கால்பந்துகளைக் கொடுத்து, எதிரியின் பதுங்குகுழியை நோக்கி உதைத்துக்கொண்டே முன்னேறச் சொன்னார். அன்றே அவரும் செத்தார். பத்திரிகைகள் அதைப் படம் போட்டுக் கொண்டாடின. நான் சொன்னேனே, வாத்தியார் லின்டாட், அவரும் அதே நாளில் லீட்ஸ் ஆட்களின் படைப்பிரிவில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். கால்பந்தில் ஆட்டம் முடிந்தால் இரு அணியும் கை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும். இந்த ஒரு வித்தியாசமே போதும் எனக்கு, இரண்டையும் சேர்த்துப் பேசாமல் இருக்க.

ஸ்பியர்ஸ் ஒரு தடவை காயம்பட்டுத் தேறினார். சார்ஜென்ட் ஆனார். 1917இல் அராஸ் போரில் காட்டிய துணிச்சலுக்கு மிலிட்டரி மெடல் கொடுத்தார்கள். கோடையில் விடுப்பில் கிளாஸ்கோ வந்து குடும்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஜூலை 31இல் ஈப்ர ஊருக்கு அருகே தொடங்கிய தாக்குதலைத்தான் பின்னால் பாஷன்டேல் என்று சொன்னார்கள். அந்த ஆகஸ்ட் முழுக்க மழை. குண்டு விழுந்து கிளறிய களிமண்ணில் மனிதர்களும் கோவேறு கழுதைகளும் மூழ்கினார்கள். ஆகஸ்ட் 20 என்று அவர் இறந்த தேதியைப் பதிவு செய்திருக்கிறார்கள். தொடையில் குண்டுபட்டு, ஒரு பள்ளத்துக்குள் ஊர்ந்து போனதைக் கூட இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர் மனைவிக்கு முதலில் கிடைத்த தகவல் காயம், காணவில்லை என்பது மட்டும். உடல் அடையாளம் தெரிந்தது போர் முடிந்த பிறகு. இப்போது டோச்சி ஃபார்ம் கல்லறையில் இருக்கிறார். அங்கே 1,400க்கு மேற்பட்ட கல்லறைகள், பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். அந்த வகையில் அவர் குடும்பத்துக்கு ஒரு கல்லாவது கிடைத்தது. வயது முப்பத்தொன்று. ரீப்ளேயில் கில்டியாவின் இடத்தில் ஆடிய டோரன்ஸும் 1918இல் போரில் போய்ச் சேர்ந்தார்.

லீட்ஸ் சிட்டியின் கதையையும் முடித்துவிடுகிறேன். போர்க்காலத்தில் விருந்தாளி ஆட்டக்காரர்களுக்குத் திருட்டுத்தனமாகப் பணம் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு வந்தது. கணக்குப் புத்தகத்தைக் காட்ட மறுத்தார்கள். 1919 அக்டோபரில் லீகிலிருந்து கிளப்பையே வெளியேற்றினார்கள். மீதமிருந்த ஆட்டக்காரர்களை ஊரில் ஒரு ஓட்டலுக்கு வரவழைத்து, கிளப்பின் மற்றப் பொருட்களோடு சேர்த்து ஏலம் விட்டார்கள். மனிதர்களை ஏலம் விட்டதைப் பற்றி அன்றைக்கு யாரும் பெரிதாகக் கூசியதாகத் தெரியவில்லை. இன்றைய லீட்ஸ் யுனைடெட் அதற்குப் பிறகு பிறந்தது.

நீ பெண் என்பதால் இன்னொன்று. ஸ்பியர்ஸ் இறந்த அதே 1917இல், அதே இங்கிலாந்தின் பிரெஸ்டனில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் ஓர் அணி அமைத்தார்கள். டிக், கெர் லேடீஸ் என்று பெயர். 1920 டிசம்பரில் லிவர்பூல் நகரத்தில் அவர்கள் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. மறு வருஷமே எஃப்.ஏ. தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாது என்று காரணம் சொன்னார்கள். ஐம்பது வருஷம் கிட்டத்தட்ட அந்தத் தடை இருந்தது. கோப்பை ஃபைனலுக்குத் திரண்ட கூட்டத்துக்கு இணையாக அந்தப் பெண்களுக்கும் திரண்டதுதான் அவர்கள் செய்த குற்றம் என்பது என் எண்ணம். உன் வார்டன் மாலைப் பயிற்சிக்கு அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட முகம் சுளிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அவருக்கு இதைச் சொல்லிப் பயனில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். போ என்பதுதான் என் எண்ணம். உன் அப்பாவிடம் நான் பேசிவிட்டேன், அவருக்கும் மறுப்பில்லை. உன் அம்மாதான் வெளியூர்ப் போஸ்டிங் என்றால் யோசிக்கிறாள், அதை என்னிடம் விடு. ஆனால் உடனே கையெழுத்துப் போடாதே. மூன்று விஷயத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கு. ஒன்று, எத்தனை வருஷம் அந்த அணிக்கே ஆட வேண்டும், நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா. இரண்டு, முழங்காலில் காயம் பட்டு ஆட முடியாமல் போனால் வேலை இருக்குமா, இருந்தால் எந்தப் பதவியில். மூன்று, மாநில அணியோ வேறு கிளப்போ கூப்பிட்டால் உன்னை விட வேண்டும் என்று இருக்கிறதா, அல்லது அவர்கள் தயவைப் பொறுத்ததா. மூன்றாவதை அவர்கள் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்பார்கள். அந்த இடத்தில் நீ சிரிக்காதே.

செமிஃபைனல் வரை ஆடி, பருவத் தேர்வும் எழுதி முடித்துவிட்டுச் சேருகிறேன் என்று தேதி கேள். ஒரு மாதம் தள்ளிக் கொடுக்காத துறை கிடையாது. போவது முடிவானதும் தோழிகளிடம் நீயே சொல், முதலில் அந்த சென்டர்-பேக்கிடம் சொல். நீ போன பிறகு பட்டை அவளுக்குத்தான் வரும் என்றால் கோச்சிடம் அதையும் இப்போதே ஒரு வார்த்தை போட்டு வை.

ஒப்பந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பு. எழுத்து பொடியாக இருந்தால் பரவாயில்லை, பெரிதாக்கிப் படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா